காரைத் தாழ்த்துகிறீர்களா? முதலில் டேப்பை எடுங்கள்

சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். தினமும் ஓட்டும் வண்டியை 25, 30 மில்லிமீட்டருக்கு மேல் இறக்காதீர்கள் என்பேன், ஏனென்றால் பள்ளத்தில் சக்கரம் மேலே ஏற இருந்த இடத்தைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம், அது தீர்ந்துபோனால் பம்ப் ஸ்டாப்பில், அதாவது கடைசியில் இருக்கும் தடுப்பு ரப்பரில், இடித்து அடி நேராக முதுகுக்கு வரும். அதனால்தான் இதற்கென்று வரும் ஸ்பிரிங் குட்டையாக மட்டுமல்ல, விறைப்பாகவும் இருக்கும். பழைய ஷாக் அப்சார்பர் அந்தத் துள்ளலை அடக்கத் திணறும், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இருக்கிற ஸ்பிரிங்கை வெட்டவே வேண்டாம்: வெட்டிய முனை ஸ்பிரிங் தாங்கும் தட்டில் ஒழுங்காக உட்காராது, சக்கரம் தொங்கும்போது இடம் மாறிவிடும்.

ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் நட்டைத் தொடும் முன் ஸ்பிரிங் கம்ப்ரஸரை எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் உயிரே போகலாம்.

நிறையப் பேர் கோட்டைவிடுவது லோயர் ஆர்ம் போல்ட்டில், அதாவது சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் கையின் போல்ட்டில். வண்டி தூக்கியிருக்கும்போதே முழுசாக முடுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் அந்த இணைப்பில் இருக்கும் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரத்தில் பாரம் விழுந்த பிறகு முடுக்குங்கள். அப்புறம் வீல் அலைன்மென்ட், தள்ளிப் போடவே கூடாது. டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) தப்பியிருந்தால் டயரைக் குறுக்கே தடவிப் பாருங்கள், ஒரு திசையில் வழுக்கும், திரும்பி வரும்போது ரம்பம் போலக் கையைக் கீறும். ஹெட்லைட் உயரத்தையும் சரிபாருங்கள்.

சரி, காற்றுத்தடை? அடியில் புகும் காற்று குறையும், டயரும் கொஞ்சம் மறையும், அதனால் தடை சில சதவீதம் இறங்கலாம். 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100-க்குப் போனால் தடை நான்கு மடங்காகும் என்பதால் பலன் நெடுஞ்சாலையில்தான், நகரத்துக்குள் தெரியாது. அகலமான டயர் போட்டால் அந்த லாபமும் கரையும். இன்னும் இறக்கினால் வளைவில் நன்றாக நிற்கும் என்று நினைக்காதீர்கள்: முன்பக்கம் ஸ்ட்ரட் உள்ள கார்களில் லோயர் ஆர்ம் சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால் ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) வண்டியின் எடை மையத்தை விட வேகமாகக் கீழே போய்விடும், வண்டி இன்னும் சாயப் பார்க்கும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்ததும் அதே நான்கு இடத்தில் மறுபடி அளந்து பாருங்கள். இடதுக்கும் வலதுக்கும் முன்பில்லாத வித்தியாசம் இருந்தால், ஸ்பிரிங் முனை தட்டில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அலைன்மென்ட்டை இன்னொரு தடவை செய்யுங்கள்.