இங்கிலாந்து வந்து பழைய கார் வாங்குற நம்ம ஊர்க்காரங்களுக்கு: பிரேக் பெடல் கல்லா, பஞ்சா?

லீவுக்கு வந்து மார்த்தாண்டத்துல இருக்கேன். அடுத்த மாசம் இங்கிலாந்து போற பக்கத்து வீட்டுத் தம்பி நேத்து வந்து "அண்ணே, போன ஒடனே பழைய கார் ஒண்ணு எடுக்கணும்"னான், அவன்கிட்ட சொன்னத அப்படியே இங்க போடுறேன்.

பேப்பர் வேலை பெருசா ஒண்ணும் இல்ல. நம்ம லைசென்ஸ்ல மொதல் 12 மாசம் ஓட்டலாம், அதுக்குள்ள அங்கத்தது எடுத்திரணும். பழைய ஓனர் கட்டுன ரோடு டாக்ஸ் வண்டியோட வராது, நீங்கதான் கட்டணும். இன்சூரன்ஸ் இல்லாம ரோட்டுல எறக்காதீங்க. எம்ஓடின்னா நம்ம எஃப்சி மாதிரி, 3 வருசம் தாண்டுன காருக்கு வருசா வருசம் உண்டு. வண்டி நம்பர அரசாங்க வெப்சைட்ல போட்டா பழைய ரிசல்ட் எல்லாம் ஓசியில வரும். பாஸ்னு பாத்ததும் மூடிராதீங்க, கீழ அட்வைசரின்னு இருக்கும் பாருங்க, பாஸ் ஆனாலும் கவனிக்கணும்னு எழுதி வச்ச கொறைங்க, அதுதான் வண்டியோட ஜாதகம். பிரேக் பைப்ல துருன்னு வருசா வருசம் எழுதியிருந்தா விட்டுருங்க. குளிர்காலத்துல ரோட்டுல உப்பு போடுவான், கொளச்சல் கடப்பொறத்து வீட்டு கேட் கணக்கா அடியெல்லாம் அரிச்சிரும்.

நான் மாட்டுனது வேற எடத்துல. 2009 மாடல் பெட்ரோல் வண்டி, பாக்க கொள்ளாம். மூணாவது வாரம் ஒரு எறக்கத்துல ரவுண்டானா வருது, மிதிக்கேன், பெடல் எறங்கவே மாட்டேங்கு, ரெண்டு காலையும் வச்சு நின்னு அமுக்கி எப்படியோ நிறுத்துனேன். பக்கத்துல ஒரு கராஜ்ல விட்டா பேடு, டிஸ்க் எல்லாம் மாத்தணும்னு 280 பவுண்டு வாங்குனான், எடுத்துட்டு வந்தா அதே கல்லுதான். திருப்பிக் கேட்டா புது பேடு செட் ஆகணும்னு ஒரு கதை.

ராத்திரி தக்கலைல வொர்க்‌ஷாப் வச்சிருக்க எங்க தாய்மாமாக்கு போன் போட்டேன். அவரு கேட்ட மொத கேள்வியே "மருமவனே, பெடல் கல்லு மாதிரியா, பஞ்சு மாதிரியா?" இத அந்த கராஜ்காரன் கேக்கவே இல்ல, சவம்.

கல்லுன்னா சர்வோ பக்கம் பாக்கணும், அதாவது இஞ்சின் உறிஞ்சுற வேக்கத்த வச்சு நம்ம மிதிக்கு பலம் கூட்டிக் குடுக்குற டப்பா. வண்டி நிக்கும்போதே இஞ்சின ஆஃப் பண்ணி பெடல அஞ்சாறு தடவ மிதிச்சா இறுகிரும், பொறவு காலை எடுக்காம அமுக்கிக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் கொஞ்சம் கீழ எறங்கணும். எனக்கு அசையல. இஞ்சின்ல இருந்து சர்வோவுக்குப் போற வேக்கம் ஓஸ்ல வெடிப்பு, காது வச்சா உஸ்ஸுன்னு சத்தம். சிக்னல்ல நிக்கும்போது இஞ்சின் நடுங்குனதும் அதாலதான், நான் குளிருக்குன்னு நெனச்சேன்! வேற ஆள வச்சு மாத்துனேன், 35 பவுண்டோட முடிஞ்சு.

பஞ்சு மாதிரி இருந்து, பம்ப் பண்ண பண்ண மேல வந்தா பிரேக் ஆயில் லைன்ல காத்து இருக்கலாம், பின்னாடி டிரம் பிரேக் இருந்தா அதுக்குள்ள இருக்க ஷூ அட்ஜஸ்ட்மெண்டும் பாக்கணும். அமுக்கிப் பிடிக்கும்போதே பைய பைய கீழ போனா பெடல் மிதிச்சா ஆயில தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும், இல்லன்னா எங்கயோ ஆயில் ஒழுகுது. ஒரு பக்கமா இழுத்து, ஒரு வீல் மட்டும் சுட்டா, பேட டிஸ்க்ல அமுக்குற கேலிப்பர் சிக்கியிருக்கும். பிரேக் ஆயில் ஈரத்த இழுக்கும், கடைசியா எப்ப மாத்துனான்னு கேளுங்க. இதுல எது இருந்தாலும் நீங்களே ஓட்டிட்டு கராஜுக்குப் போவாதீங்க, நான் போனது முட்டாத்தனம்.

இந்த தடவ மாமாக்கு ஒரு டார்ச் வாங்கிட்டு வந்தேன். "இத விட நல்லது நம்ம மார்க்கெட்ல கெடக்கு"ன்னு சொல்லிட்டு சட்டப் பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு.