வாட்ஸ்அப் குழுவில் பழி வந்தால்

மலேசியாவில், பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் 11 வருடமாக லைன் லீடராக இருக்கிறேன். ஒருமுறை 40 பலகைகள் குறைந்ததற்கு என் பெயரைப் போட்டு, வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதிவிட்டார். கோபத்தில் அங்கேயே பதில் போட்டேன். விடிவதற்குள் சண்டை மேனேஜர் வரை போனது. பலகையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

குழுவில் "பார்க்கிறேன்" என்று மட்டும் போடுங்கள். ஷிப்ட் பதிவேட்டைப் படம் எடுத்து வையுங்கள். அப்புறம் எழுதியவரைத் தனியாக மாமாக் கடைக்கு (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) கூப்பிடுங்கள். "ஏன் போட்டீங்க?" வேண்டாம், "எத்தனை மணிக்கு எண்ணினீங்க அண்ணே?" என்று கேளுங்கள். நான் பிறகு அப்படிக் கேட்டபோதுதான் புரிந்தது: அவர் எண்ணியது ஏழு மணிக்கு, நான் கையெழுத்துப் போட்டது ஆறே முக்காலுக்கு. தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) ஆறுவதற்குள் விஷயம் முடிந்துவிட்டது. பேசி முடித்ததை இரண்டு வரி மலாயில் மேனேஜருக்கும் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, மற்றவர்கள் பக்கத்தில் இருக்கும்போது தமிழில் கிசுகிசுத்துச் சிரிக்காதீர்கள். சீனர்கள் தங்கள் ஹொக்கியன் மொழியில் பேசிச் சிரித்தால் எனக்கும் சந்தேகம்தான் வரும்.

வேலையை விட்டே நீக்கிவிட்டால், 1967 தொழில் உறவுச் சட்டம் 20ஆம் பிரிவின்படி 60 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பாஸ் கூப்பிட்டுப் பேசுவார் என்று காத்திருந்தால் நாள் ஓடிவிடும்.