ரக்பி லீக் வீரர் ஒருவரின் கிளப் பயணத்தை ஏட்டில் எழுதிப் புரிந்துகொள்வது எப்படி

சிட்னியின் மேற்கே டூங்காபி, வென்ட்வர்த்வில், பென்டில் ஹில் பக்கம் குடியிருக்கும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு கேள்வி வீட்டுக்குள் வந்துவிடும்: “எனக்குப் பிடித்த வீரர் ஏன் வேறு கிளப்புக்குப் போகிறார்?” கிரிக்கெட்டில் ஊறிய நமக்கு ஊரும் நாடும்தான் அணி. இங்கே ரக்பி லீக்கில் ஒரே வீரர் பத்தாண்டில் ஐந்து சட்டை மாற்றுகிறார். பிள்ளைகள் அதைத் துரோகம் என்று எடுத்துக்கொண்டு அழுகிறார்கள். பெரியவர்கள் “எல்லாம் பணம்தான்” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே வீரருக்கு நியாயம் செய்வதில்லை. நான் தொழிலால் கணக்காளர். வீரர்களின் பயணங்களைப் பேரேடு மாதிரி எழுதி வைப்பேன். என் மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் அதைத்தான் கற்றுக்கொடுக்கிறேன். நீங்களும் செய்யலாம். ஒரு நீளமான நோட்டும் ஒரு மாலை நேரமும் போதும்.

முதலில் ஆட்டத்தின் அடிப்படை. அணிக்கு 13 பேர், 80 நிமிடம். பந்தை வைத்திருக்கும் அணியை ஆறு முறை தடுத்து வீழ்த்தினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்த ஆறு வாய்ப்பையும் எப்படிச் செலவழிப்பது, எப்போது உதைப்பது என்று முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் இருவர்: 6ஆம் எண் ஃபைவ்-எய்த், 7ஆம் எண் ஹாஃப்பேக். சட்டை எண் இங்கே வேலையின் பெயர். எனவே ஏட்டில் எண்ணுக்குத் தனிப் பத்தி வேண்டும்.

பக்கத்தை ஆறு பத்தியாகப் பிரியுங்கள். ஆண்டு, கிளப், சட்டை எண், பக்கத்தில் ஆடியவர், பயிற்சியாளர், அந்த இடம் எப்படிக் காலியானது. கடைசிப் பத்திதான் உயிர். வழக்கமான வாழ்க்கைக் குறிப்புகளில் முதல் இரண்டு பத்தி மட்டும்தான் இருக்கும். அதனால்தான் அவற்றைப் படித்தாலும் ஒன்றும் விளங்குவதில்லை. ஒரு வீரர் கிளப் மாறும்போது “ஏன் போனார்?” என்று கேட்பதைவிட, “அங்கே யாருடைய இடம் காலியாக இருந்தது?” என்று கேளுங்கள். பாதிக் கதை வெளியே வந்துவிடும்.

பழகுவதற்கு ஜேம்ஸ் மலோனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் பிறந்தவர். உயர்மட்டப் போட்டிகளில் ஆறு கிளப்புகள், மூன்று நாடுகள், எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே வேலை. ஏடு எழுதப் பழக இவரைவிடப் பொருத்தமான வீரரை நான் பார்த்ததில்லை.

முதல் வரி: 2009, மெல்பர்ன் ஸ்டார்ம். பயிற்சியாளர் கிரெய்க் பெல்லமி. அங்கே 7ஆம் எண் கூப்பர் கிராங்கிடம் இருந்தது. அந்த ஆண்டின் நடுவே பிரெட் ஃபின்ச் வந்து 6ஆம் எண்ணில் அமர்ந்தார். மலோனிக்குக் கிடைத்தவை ஒரு சில ஆட்டங்கள்தான். இதைப் படிக்கும் பிள்ளை “அப்போது அவர் சரியாக ஆடவில்லையா?” என்று கேட்கும். கடைசிப் பத்தியைக் காட்டுங்கள்: காலி இடம் இல்லை. அவ்வளவுதான்.

இந்த வரிக்கு ஓர் அடிக்குறிப்பும் வேண்டும். 2009 இறுதிப் போட்டியில் ஸ்டார்ம் எங்கள் பகுதிக் கிளப்பான பரமட்டாவை 23-16 என்று வென்றது. ஸ்டார்ம் தன் வீரர்களுக்கு அனுமதித்த வரம்புக்கு மேல் சம்பளம் கொடுத்து, அதை மறைக்க இரட்டைக் கணக்கு வைத்திருந்தது 2010 ஏப்ரலில் வெளியானது. 2007, 2009 பட்டங்கள் இரண்டும் பறிக்கப்பட்டன. வேறு யாருக்கும் அவை தரப்படவில்லை. 1986க்குப் பிறகு பட்டம் பார்க்காத பரமட்டாக்காரர்களிடம் இந்த விஷயத்தை மெதுவாகப் பேசுங்கள்.

இங்கேதான் சம்பள உச்சவரம்பைப் பற்றி விளக்க வேண்டும். அது புரியாமல் எந்த இடமாற்றமும் புரியாது. சிட்னிப் போட்டியில் 1990இல் வந்த விதி இது. இன்று என்.ஆர்.எல். (நேஷனல் ரக்பி லீக்) என்று பெயர் கொண்ட அந்தப் போட்டியில் ஒவ்வொரு கிளப்பும் தன் முதன்மைப் பட்டியலில் உள்ள 30 வீரர்களுக்கும் ஒரே வரம்புக்குள்தான் சம்பளத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பணக்காரக் கிளப் என்பதற்காக வரம்பு உயராது. ஆகவே கிளப் பட்டம் வென்றால், அடுத்த ஆண்டே அதற்குச் சிக்கல் தொடங்கும். வென்ற வீரர்கள் எல்லோருடைய விலையும் ஒரே நேரத்தில் ஏறும், வரம்பு அந்த அளவுக்கு ஏறாது. யாரோ ஒருவர் போயாக வேண்டும். பெரும்பாலும் கிளப்புக்கு மிகவும் பிடித்த ஒருவரே போக நேர்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஒரு வழி: முப்பது பேர் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள், பாயசம் ஒரே ஓர் அண்டாதான், ஒருவருக்கு இரண்டாம் முறை ஊற்றினால் கடைசி இலையில் குறையும். என் மகள் இதை உடனே பிடித்துக்கொண்டாள்.

இரண்டாம் வரி: 2010 முதல் 2012 வரை நியூசிலாந்து வாரியர்ஸ், ஆக்லாந்து. 6ஆம் எண் அவருக்கே கிடைத்தது. பயிற்சியாளர் ஐவன் கிளியரி. இந்தப் பெயரை அடிக்கோடிடுங்கள், பின்னால் திரும்பி வரும். 2011இல் இளம் ஷான் ஜான்சன் பக்கத்தில் சேர்ந்தார். அந்த ஆண்டு இறுதிப் போட்டி வரை போய், மேன்லியிடம் 24-10 என்று தோற்றார்கள். பிறகு கிளியரி சிட்னியின் மேற்கே உள்ள பென்ரித் கிளப்புக்குப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்த பயிற்சியாளர் 2012 சீசன் முடியும் முன்பே பதவி இழந்தார். மலோனியும் அந்தச் சீசனோடு கிளம்பினார்.

பயிற்சியாளர் பத்தியை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது மூன்றாம் வரியிலிருந்து தெளிவாகும். 2013, சிட்னி ரூஸ்டர்ஸ். அதே ஆண்டில்தான் டிரென்ட் ராபின்சன் அங்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அதற்கு முன் பிரான்ஸின் பெர்ப்பின்யான் நகரில் கேட்டலன்ஸ் டிராகன்ஸுக்குப் பயிற்சி தந்தவர் அவர். ரூஸ்டர்ஸில் 7ஆம் எண் மிச்சல் பியர்ஸ். பியர்ஸும் மலோனியும் சேர்ந்த முதல் ஆண்டிலேயே மேன்லியை 26-18 என்று வென்று பட்டம் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஸ்டீவ் மெக்நமாரா என்ற ஆங்கிலேயர் உதவிப் பயிற்சியாளராக வந்தார். உதவிப் பயிற்சியாளர்களின் பெயரைப் பலரும் எழுதுவதில்லை. நீங்கள் எழுதுங்கள்.

நான்காம் வரி: 2016, குரோனல்லா ஷார்க்ஸ். 1967இல் போட்டிக்குள் வந்த கிளப். அதுவரை ஒரு பட்டமும் இல்லை. 7ஆம் எண் சாட் டவுன்சென்ட் அந்த ஆண்டுதான் வாரியர்ஸிலிருந்து திரும்பியிருந்தார். ஆட்டத்தை நடத்தும் இரண்டு இடத்திலும் வேறு கிளப்பிலிருந்து வந்தவர்கள். அந்த அணி இறுதிப் போட்டியில் மெல்பர்ன் ஸ்டார்மை 14-12 என்று வென்றது. ஏழாண்டுக்கு முன் மலோனிக்கு இடம் இல்லாத அதே கிளப். எதிரே 7ஆம் எண்ணில் அதே கிராங்க். இந்த வரியை எழுதும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கும்.

ஐந்தாம் வரியில் ஒரு பண்டமாற்று. 2017 முடிவில் பென்ரித் பேந்தர்ஸின் கேப்டன் மாட் மொய்லன் குரோனல்லாவுக்கு வந்தார், மலோனி பென்ரித்துக்குப் போனார். கடைசிப் பத்தி தானாக நிரம்பிவிடும். ஆனால் பக்கத்தில் ஆடியவர் பத்தியைப் பாருங்கள்: நேதன் கிளியரி, இருபது வயது, ஐவன் கிளியரியின் மகன். வயதில் மூத்த 6ஆம் எண் ஒருவரை இளம் 7ஆம் எண்ணின் அருகில் நிறுத்துவது இந்த ஆட்டத்தில் உள்ள பழைய ஞானம். 2018இல் இருவரும் சேர்ந்து நியூ சவுத் வேல்ஸுக்காக ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரையும் (குயின்ஸ்லாந்து மாநிலத்தோடு ஆண்டுதோறும் நடப்பது) வென்றார்கள். 2019இல் ஐவன் கிளியரியே பென்ரித்தின் பயிற்சியாளராகத் திரும்பினார். அடிக்கோடிட்ட பெயர் வந்துவிட்டது.

ஆறாம் வரி: 2020, 2021, கேட்டலன்ஸ் டிராகன்ஸ், பெர்ப்பின்யான். பயிற்சியாளர் யார்? ரூஸ்டர்ஸில் உதவியாளராக இருந்த அதே ஸ்டீவ் மெக்நமாரா. உலகத்தின் மறுகோடிக்குப் போன மாதிரித் தெரிந்தாலும், தெரிந்த மனிதரிடம்தான் போயிருக்கிறார். கேட்டலன்ஸ் ஆடுவது இங்கிலாந்தின் சூப்பர் லீக் போட்டியில். 2021இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலுள்ள செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் செயின்ட் ஹெலன்ஸிடம் 30-12 என்று பின்தங்கி, கடைசி நிமிடங்களில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் மலோனியின் டிராப் கோலால் (பந்தைத் தரையில் துள்ளவிட்டு உதைப்பது, 1 புள்ளி) 31-30 என்று வென்றார்கள். லீக் அட்டவணையில் முதலிடக் கேடயத்தை வென்ற முதல் பிரெஞ்சு அணி அது. இறுதிப் போட்டியில் அதே செயின்ட் ஹெலன்ஸிடம் 12-10 என்று தோற்றது. ஆக, மலோனி நான்கு கிளப்புகளோடு இறுதிப் போட்டி ஆடியிருக்கிறார்.

புள்ளிவிவரங்களை ஏட்டின் ஓரத்தில் சின்னதாக எழுதினால் போதும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்கும் ட்ரைக்கு 4 புள்ளி, அதன் பின் உதைக்கும் கோலுக்கு 2. கோல் உதைப்பவர் என்பதால் மலோனியின் மொத்தப் புள்ளிகள் பெரிதாகத் தெரியும். அதில் பிறர் போட்ட ட்ரைகளின் பங்கும் உண்டு. மறுபக்கம், அவர் தவறவிட்ட தடுப்புகளையும் அவர் தந்த பெனால்டிகளையும் பத்திரிகைகள் ஓயாமல் எழுதின. எழுதியது உண்மைதான். இருந்தும் கிளப் மேல் கிளப் அவரைக் கேட்டு வாங்கியது. அழுத்தம் ஏறிய கடைசிப் பத்து நிமிடத்தில் பந்தைத் தன் கையில் கேட்கும் மனிதருக்கு மதிப்பு அதிகம். அதை எந்தப் பத்தியிலும் எண்ணாக எழுத முடியாது. நான் ‘பக்கத்தில் ஆடியவர்’ பத்தியிலிருந்துதான் அதைக் கண்டுபிடிக்கிறேன்: இவரோடு ஆடிய இளைஞர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று பாருங்கள்.

செய்தி படிக்கும்போது ஒரு விதியை நினைவில் வையுங்கள். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுக்கு முந்தைய நவம்பர் 1 முதலே வீரர் பிற கிளப்புகளோடு பேசலாம். அதனால் அடுத்த கிளப்பை அறிவித்துவிட்டு, பழைய சட்டையில் முழு ஆண்டும் ஆடுபவர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு மிகவும் வலிப்பது இதுதான். “இனி எதற்கு அவருக்குக் கைதட்ட வேண்டும்?” என்பார்கள். தட்டச் சொல்லுங்கள். அவர் அந்த வாரமும் நம் கிளப்புக்காகத்தான் அடிபடுகிறார்.

ஒரு வீரரின் பக்கம் முடிந்ததும் அவருடைய கூட்டாளியின் பக்கத்தைத் தொடங்குங்கள். மிச்சல் பியர்ஸை எடுத்தால் இப்படி வரும்: 2018இல் கூப்பர் கிராங்க் மெல்பர்னிலிருந்து ரூஸ்டர்ஸுக்கு வந்தார், 7ஆம் எண் ஒன்றுதான், 2007 முதல் அங்கே ஆடிய பியர்ஸ் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நைட்ஸ் கிளப்புக்குப் போனார். கிராங்க் 2018, 2019 இரண்டு ஆண்டும் ரூஸ்டர்ஸோடு பட்டம் வென்று ஓய்வு பெற்றார். 2022இல் பியர்ஸ் பெர்ப்பின்யான் போய்ச் சேர்ந்தார், மலோனி விட்டுப் போன கேட்டலன்ஸுக்கு. இரண்டு பக்கங்களையும் அருகருகே விரித்து வைத்து, இந்த இடத்தில் ஒரு கோடு இழுங்கள்.

பென்ரித்திலும் ஒரு கோடு உண்டு. மலோனி போன பின் 2020இல் 6ஆம் எண் ஜரோம் லுவாய்க்கு வந்தது. நேதன் கிளியரியும் அவரும் சேர்ந்து 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு பட்டங்கள் வென்றார்கள். பிறகு விலை ஏறியது, வரம்பு அந்த அளவுக்கு ஏறவில்லை. 2025இல் லுவாய் வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்குப் போனார். என் மகள் அவருக்கு இப்போது ஒரு புதுப் பக்கம் தொடங்கியிருக்கிறாள். ஆண்டு, கிளப், எண் எல்லாம் எழுதிவிட்டாள்; கடைசிப் பத்தியில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்கவில்லை.