மெடிக்கல் தேர்வுக்கு ரிவிஷன்: முதலில் புத்தகத்தை மூடுங்கள்

மறுபடி மறுபடி வாசித்து மஞ்சள் கோடு போட்டுக்கொண்டே போனால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும், தேர்வில் கேட்டால் வராது. வெள்ளைத்தாளை எடுத்து பிரேக்கியல் பிளெக்ஸஸை (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) சி5 முதல் டி1 வரையிலான நரம்பு வேர்களோடு நினைவிலிருந்து வரையுங்கள். கை எங்கே நிற்கிறதோ அந்த இடத்தை மட்டும் புத்தகத்தில் பார்த்துவிட்டு, அப்புறம் மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய்த் திரும்ப வரையுங்கள். மருந்துகளுக்கு ஆங்கி (Anki) செயலியின் கேள்வி-பதில் அட்டைகள் போதும் (ஒரு அட்டைக்கு ஒரே கேள்வி, பத்தி பத்தியாக எழுதினால் வீண்).

பழைய வினாத்தாளைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்காதீர்கள். தவறான விடை ஏன் தவறு என்றும் சொல்லிப் பாருங்கள்: ஏசிஇ தடுப்பான்கள் என்ற இரத்த அழுத்த மருந்துகளால் வறட்டு இருமல் வரலாம், இன்னொரு இரத்த அழுத்த மருந்தான லோசார்ட்டனால் அவ்வளவாக வராது, காரணம் ஏசிஇ தடுப்பான்களால் உடலில் சேரும் பிராடிகைனின் என்ற பொருள். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) மட்டும் வாய்விட்டுத்தான் பழக வேண்டும், நண்பர் குறுக்கே கேள்வி கேட்டால் இன்னும் நல்லது.