இதய வால்வு வளையத்தை வடிவமைக்கும் முறை

டர்பனில் உயிர்மருத்துவப் பொறியியல் பயிலும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவில் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் இடையிலுள்ள வால்வு) கெட்டு வருவோரில் பலர் இளையோர். ஆகவே, இயன்றவரை வால்வை மாற்றாமல் செப்பனிட்டு, விரிந்துபோன அதன் அடிவிளிம்பை ஒரு வளையத்தால் இறுக்கி நிறுத்துவதே மேல் என்பது என் கருத்து.

முதலில் வடிவத்தைத் தீர்மானியுங்கள். இயல்பான மைட்ரல் விளிம்பு தட்டையானதன்று. குதிரைச் சேணம்போல் முன்னும் பின்னும் உயர்ந்து, பக்கங்களில் தாழ்ந்திருக்கும்.

அடுத்து, பிடிப்பு. இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும், ஏனெனில் உலோகம் உடையாமலேயே, தையல் திசுவை அறுத்துக்கொண்டு வெளியேறி வளையம் கழன்றுவிடக்கூடும். எனவே டைட்டானியம் உள்ளகத்தின்மேல் சுற்றும் பாலியெஸ்டர் துணி, ஊசி தடையின்றி நுழையுமளவுக்கு மென்மையாகவும், முடிச்சை இறுக்கும்போது கிழியாதபடி நெருக்கமான நெசவாகவும் இருக்கட்டும்; நாளடைவில் அதன் இழைகளுக்குள் திசு வளர்ந்து பற்றிக்கொள்ளும். பின்விளிம்பை ஒட்டி இதயத் தமனி ஒன்று செல்வதால், ஊசி ஆழமாகப் போகத் தேவையில்லாதவாறு துணி மடிப்பை அமையுங்கள்.

விளிம்பை முழுதும் சுற்றிவரும் மூடிய வளையம், விளிம்பு வளர இடங்கொடாததால், வளரும் குழந்தைக்குப் பொருந்தாது.

இதயம் நாளொன்றுக்குச் சுமார் 1,00,000 முறை துடிப்பதால், 10 ஆண்டுக்கு ஈடாக ஏறத்தாழ 36 கோடி சுழற்சிகள் சோதித்த பிறகே மாதிரியை அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.