புது போன் வாங்கும் முன் பிராசசரைப் படிப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

பேட்டரி தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். திரை உடைந்தால் புதிது போடலாம். இடம் போதாவிட்டால் சில போன்களில் மெமரி கார்டு செருகலாம். பிராசசர் அப்படி இல்லை. பலகையோடு சேர்த்துப் பற்றவைத்து வருவதால், வாங்கும் அன்று உள்ளே என்ன இருக்கிறதோ அதோடுதான் கடைசிவரை காலம் தள்ள வேண்டும். ஆனால் பெட்டியில் கேமராவுக்கு நாலு வரி, திரைக்கு மூன்று வரி, பிராசசருக்கு மட்டும் 'ஆக்டா கோர்', அதாவது எட்டு கோர் என்று ஒரே வார்த்தை. அந்த வார்த்தையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஏன் என்பது இரண்டாம் படியில் புரியும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். நாம் பிராசசர் என்று சொல்வது பல வேலைக்காரர்கள் ஒன்றாகக் குடியிருக்கும் ஒரே சில்லு, அதாவது சிப். கணக்குப் போடும் சிபியு, கேம் காட்சிகளை வரையும் ஜிபியு, கேமரா பிடித்ததைப் படமாக்கும் ஐஎஸ்பி, டவரோடு பேசும் மோடம், ஏஐ வேலைகளுக்கான என்பியு எல்லாம் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். சிபியுவுக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்தான் கோர்கள். அதனால் மட்டமான சிப் என்றால் ஆப் மெதுவாகத் திறப்பதோடு போகாது. போட்டோ, வீடியோ, சிக்னல், சார்ஜ் நிற்கும் நேரம் என்று எல்லாவற்றிலும் கை வைக்கும்.

படி 1: முழுப் பெயரைக் கண்டுபிடியுங்கள்

'ஸ்னாப்டிராகன் போன்' என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். அது குவால்காம் நிறுவனத்தின் சிப் வரிசைக்கான பொதுப் பெயர் மட்டுமே. எண், எழுத்து, கூட்டல் குறி உட்பட முழுப் பெயர் வேண்டும். தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தில் இருக்கும். ஜிஎஸ்எம்அரீனா போன்ற தளங்களில் 'சிப்செட்' என்ற வரியில் இருக்கும்.

ஓர் எழுத்து எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஓர் உதாரணம். ஸ்னாப்டிராகன் 7 பிளஸ் ஜென் 2, ஸ்னாப்டிராகன் 7எஸ் ஜென் 2 இரண்டும் 2023-இல் வந்தவை. பெயரைக் கேட்டால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முதலாவதில் கார்டெக்ஸ் எக்ஸ்2 என்ற உயர்ரக கோர் இருக்கிறது, உயர்விலைப் போன்களோடு மல்லுக்கு நிற்கக்கூடியது. இரண்டாவதில் இருப்பவை அதற்குக் கீழே நிற்கும் ஏ78, ஏ55 கோர்கள். அது ஸ்னாப்டிராகன் 6 ஜென் 1-க்குத்தான் நெருங்கிய சொந்தம். '7 ஜென் 2' என்று மட்டும் காதில் வாங்கிக்கொண்டு போனால் எது கையில் வரும் என்று சொல்ல முடியாது.

ஒரே போனுக்குள்ளும் இந்தக் குழப்பம் உண்டு. சாம்சங் கேலக்ஸி எஸ்24 சில நாடுகளில் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3-உடனும், வேறு பல நாடுகளில் சாம்சங்கின் சொந்தச் சிப்பான எக்ஸினோஸ் 2400-உடனும் விற்பனைக்கு வந்தது. வெளிநாட்டு யூடியூபர் ஒருவரின் விமர்சனத்தைப் பார்த்து வாங்குகிறீர்களா? அவர் கையில் இருப்பதும் நீங்கள் வாங்கப்போவதும் ஒரே சிப்தானா என்று மாடல் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 2: கோர்களை எண்ணாதீர்கள், பெயரைப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படிதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மீடியாடெக் நிறுவனத்தின் இரண்டு சிப்களை எடுத்துக்கொள்வோம். ஹீலியோ ஜி35: 8 கோர், அதிகபட்ச வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸ். ஹீலியோ ஜி99: அதுவும் 8 கோர், அதிகபட்ச வேகம் 2.2 கிகாஹெர்ட்ஸ். பெட்டியில் இவ்வளவுதான் இருக்கும் என்றால் ஜி35-ஐத்தான் கையில் எடுப்பீர்கள், 0.1 கூட இருக்கிறதே! ஆனால் ஒற்றைக் கோர் சோதனையில் ஜி99 ஏறக்குறைய மூன்று மடங்கு முன்னால் நிற்கும்.

காரணம் கோரின் ரகம். ஜி35-இல் உள்ள எட்டும் கார்டெக்ஸ் ஏ53. கோர்களை வடிவமைத்துத் தரும் ஆர்ம் நிறுவனம் 2012-இல் அறிவித்த, மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்கென்றே வடிவமைத்த சின்ன கோர். கட்டளைகளை வந்த வரிசையிலேயே செய்யும். ஒன்று தரவுக்காகக் காத்திருந்தால் அடுத்ததும் காத்திருக்கும். ஜி99-இல் ஆறு சின்ன ஏ55 கோர்களோடு இரண்டு ஏ76 கோர்கள் இருக்கின்றன. ஏ76 ஒரு கட்டளை காத்திருக்கும்போது பின்னால் நிற்கும் தயாரான கட்டளையை எடுத்துச் செய்துவிடும். ஒரு துடிப்பில் அது முடிக்கும் வேலையும் அதிகம். கிகாஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கு மட்டுமே. ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதை அது சொல்லாது.

சரி, எட்டு சின்ன கோர் சேர்ந்தால் இரண்டு பெரிய கோரைத் தாண்டாதா? சில வேலைகளில் தாண்டலாம். ஆனால் ஆப் திறப்பது, பக்கத்தை ஏற்றுவது, தொட்டவுடன் திரை நகர்வது போன்ற அன்றாட வேலைகளில் பெரும்பகுதியை ஏதோ ஒரு கோர்தான் சுமக்கிறது. ஒற்றையடிப் பாதையில் எட்டுப் பேர் போவது மாதிரி: முன்னால் போகிறவர் மெல்ல நடந்தால், பின்னால் ஏழு பேர் இருந்து என்ன பயன்? 2015-இல் வந்த ஐபோன் 6எஸ்-இன் ஏ9 சிப்பில் இருந்தது இரண்டே கோர். அதே காலத்து எட்டு கோர் ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றைவிட அது சுறுசுறுப்பாக ஓடியதற்கு இதுதான் காரணம்.

இனி பெயர்களைப் படிக்கும் விதம். ஏ53, ஏ55, ஏ510, ஏ520 நான்கும் சின்ன கோர்கள். ஏ76, ஏ77, ஏ78, ஏ710, ஏ715, ஏ720 பெரிய கோர்கள். எக்ஸ் என்று தொடங்குபவை அவற்றுக்கும் மேலே. கவனிக்க வேண்டிய பொறி: 510 என்பது 78-ஐவிடப் பெரிய எண், ஆனால் ஏ510 சின்ன கோர்தான். எண்ணின் அளவைப் பார்க்காதீர்கள், எந்தக் கூட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஆப்பிள் தன் கோர்களைத் தானே வடிவமைக்கிறது. 2024-இல் வந்த ஸ்னாப்டிராகன் 8 எலைட்டில் குவால்காமும் ஓரியான் என்ற சொந்த கோரைப் போட்டது. அவற்றுக்கு இந்தப் பட்டியல் உதவாது, அந்த விலையில் கவலைப்படவும் தேவையில்லை.

என் அளவுகோல் எளிமையானது. ஏ76 அல்லது அதற்குப் பிந்தைய பெரிய கோர் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அதற்கு முந்தைய பெரிய கோர்களான ஏ73, ஏ75 இருந்தால் அழைப்புக்கும் வாட்ஸ்அப்புக்கும் ஓட்டிவிடலாம். எட்டும் ஏ53 என்றால், ரேம் எத்தனை ஜிபி கொடுத்தாலும் அந்தப் போன் வேண்டாம்.

பெயர் மாற்றி வரும் பழைய சரக்கையும் இந்தப் படியிலேயே பிடித்துவிடலாம். ஹீலியோ ஜி100 என்று பார்த்தால் ஜி99-க்கு அடுத்த தலைமுறை என்று தோன்றும். சிபியு கோர்கள் அதே இரண்டு ஏ76, ஆறு ஏ55. மாற்றம் பெரும்பாலும் கேமரா பக்கம்தான். ஜி100 மோசம் என்று சொல்லவில்லை. அதற்காகக் கூடுதலாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

படி 3: நானோமீட்டரை ஒரு பார்வை பாருங்கள்

சிப் எவ்வளவு நுண்ணிய தொழில்நுட்பத்தில் தயாரானது என்பதைக் குறிக்கும் எண் இது. பொதுவாகக் குறைய இருந்தால் நல்லது: ஜி35 12 நானோமீட்டர், ஜி99 6 நானோமீட்டர். அதே வேலைக்குக் குறைந்த மின்சாரம், குறைந்த சூடு.

ஆனால் எண் ஒன்றாக இருந்தாலே தரமும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சாம்சங்கின் 4 நானோமீட்டர் ஆலையில் தயாராகி, சூட்டுக்குப் பெயர் வாங்கியது. 2022-இல் அதே கோர் வடிவமைப்பை தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியின் 4 நானோமீட்டர் ஆலைக்கு மாற்றி 8 பிளஸ் ஜென் 1 என்று வெளியிட்டார்கள். வேகத்தைக் கூட்டியும்கூட அது குறைந்த மின்சாரத்தில் ஓடியது. பழைய உயர்ரகப் போன் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்கள் இந்த இரண்டில் பிளஸ் உள்ளதைத் தேடுங்கள்.

படி 4: சிப் எதைத் தடுக்கிறது என்று பாருங்கள்

ஸ்னாப்டிராகன் 695 ஒரு காலத்தில் நடுத்தர 5ஜி போன்களில் அதிகம் வந்த சிப். அதைக் கொண்ட சில போன்களில் 108 மெகாபிக்சல் கேமரா இருந்தது. ஆனால் 4கே வீடியோ எடுக்க முடியாது, 1080பி-யோடு சரி. சென்சாரில் குறையில்லை, அந்தச் சிப்பின் ஐஎஸ்பியால் அதற்கு மேல் வீடியோ பதிய முடியாது, அவ்வளவுதான். குழந்தையின் வீடியோவை 4கே-யில் எடுத்து வைக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள், மெகாபிக்சலைப் பார்க்கும் முன் விவரப் பக்கத்தின் வீடியோ வரியைப் பாருங்கள்.

சேமிப்பகமும் இப்படித்தான். இஎம்எம்சி 5.1 பழைய ரகம், யுஎஃப்எஸ் வேகமானது. ஜி35 போன்ற சிப்கள் இஎம்எம்சியோடு நின்றுவிடும். யுஎஃப்எஸ் 2.2 வரை தாங்கும் சிப்பைப் போட்டுவிட்டு இஎம்எம்சியையே வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள், ஆகவே அந்த வரியைத் தனியாகச் சரிபாருங்கள். ஆப் அப்டேட் ஆகும்போது போன் முழுக்கத் திணறுகிறது என்று புலம்பும் பலருக்கு, குற்றவாளி பிராசசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த இஎம்எம்சிதான்.

படி 5: உச்ச மதிப்பெண்ணோடு நிற்காதீர்கள்

அன்டுடு, கீக்பெஞ்ச் இரண்டும் போனின் வேகத்தைச் சோதித்து மதிப்பெண் தரும் ஆப்கள். அன்டுடு மதிப்பெண் என்பது சிபியு, ஜிபியு, மெமரி எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லும் ஒற்றை எண். வெவ்வேறு பதிப்புகளின் எண்களை ஒப்பிடவே கூடாது. அன்றாடச் சுறுசுறுப்புக்கு கீக்பெஞ்ச் ஒற்றைக் கோர் எண் நல்ல வழிகாட்டி.

கேம் ஆடுபவர்களுக்கு இவை போதாது. 3டிமார்க் ஆப்பில் வைல்ட் லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. ஒரே சோதனையை 20 தடவை விடாமல் ஓட்டி, மிகக் குறைந்த சுற்றின் மதிப்பெண் மிக அதிகச் சுற்றின் மதிப்பெண்ணில் எத்தனை சதவீதம் என்று காட்டும். சிப் சூடாகும்போது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்தக் குறைப்பு இங்கே அப்பட்டமாகத் தெரியும். 50 சதவீதம் என்றால் கால் மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு நீங்கள் கொடுத்த காசில் பாதிதான் வேலை செய்கிறது. இது சிப்போடு போனின் உள்ளே சூட்டைக் கடத்தும் அமைப்பையும் பொறுத்தது. ஆகவே அதே சிப் உள்ள வேறு போனின் முடிவை நம்பாமல், நீங்கள் வாங்கும் மாடலின் முடிவையே தேடுங்கள்.

படி 6: எத்தனை வருடம் அப்டேட்?

ஆண்ட்ராய்டின் புதுப் பதிப்பு வருவதற்குப் போன் நிறுவனம் மட்டும் மனசு வைத்தால் போதாது, சிப் நிறுவனமும் அதற்கான மென்பொருளைத் தொடர்ந்து தர வேண்டும். ஃபேர்போன் நிறுவனம் 2023-இல் தன் ஐந்தாவது போனுக்கு வழக்கமான போன் சிப்பை விட்டுவிட்டு, தொழிற்சாலைக் கருவிகளுக்கான குவால்காம் க்யூசிஎம்6490-ஐத் தேர்ந்தெடுத்தது. அந்த வகைச் சிப்களுக்கு ஆதரவு நீண்ட காலம் கிடைக்கும் என்பதால்தான் அந்தத் தேர்வு. நீங்கள் செய்ய வேண்டியது: சிப் வெளிவந்த ஆண்டையும், நிறுவனம் உறுதியளித்திருக்கும் அப்டேட் ஆண்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளிவந்து நாலு வருடமான சிப் புதுப் போனில் இருந்தால் யோசியுங்கள்.

படி 7: வாங்கிய அன்றே சரிபாருங்கள்

சிபியு-இசட் ஆப்பை நிறுவித் திறங்கள். மேலே சிப்பின் பெயரும் கோர்களின் பெயரும், கீழே ஒவ்வொரு கோரும் அந்தக் கணம் எத்தனை மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்பதும் வரும். கோர் பெயர்கள் இரண்டாம் படியில் நீங்கள் குறித்ததோடு ஒத்துப்போகிறதா? அமைப்புகளில் 'போனைப் பற்றி' பக்கத்தை மட்டும் நம்பவேண்டாம். போலிப் போன்களில் அந்தப் பக்கத்தில் எதை வேண்டுமானாலும் எழுதி வைத்திருப்பார்கள். கீக்பெஞ்சையும் ஒருமுறை ஓட்டி, அதே மாடலுக்கு மற்றவர்கள் பெற்ற எண்ணோடு ஒப்பிடுங்கள். முதல் நாளில் பின்னணியில் அப்டேட்கள் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் பத்து சதவீதம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. பாதிக்குப் பாதி குறைந்தால், அல்லது பெயரே வேறாக இருந்தால், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுப்பதற்கான கெடு முடியும் முன் விற்றவரிடம் போங்கள்.