ராத்திரி இருமலைப் பகலில் தேடும் ஆஸ்துமா முகாம்கள்

காலை 11 மணி. பள்ளி வராண்டாவில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கிறார், "மூச்சை நல்லா இழு" என்கிறார், "நார்மல், அடுத்தது" என்கிறார். முகாமின் முதல் தவறு இங்கேயே நடந்துவிடுகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் நெஞ்சும் தொந்தரவு இல்லாத நேரத்தில் மற்றவர்களுடையதைப் போலத்தான் கேட்கும். இருமலும் இரைப்பும் வருவது விடியற்காலை 3 மணிக்கு, இல்லையென்றால் ஓடியாடிய பிறகு, சளி பிடித்த நாட்களில். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும் அப்படித்தான். அதில் அளவு சரியாக வந்ததாலேயே ஆஸ்துமா இல்லை என்று ஆகிவிடாது. 5 வயதுக்குக் கீழே பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒழுங்காக ஊதவும் வராது.

ஆகவே முகாமில் கேள்விதான் பெரிய கருவி. அதை யாரிடம் கேட்கிறோம்? நான் உதவிக்குப் போன ஒரு முகாமில் ஒரு அம்மா, பையனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்று படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டார். பின்னால் நின்ற பாட்டி, "ராத்திரி எந்திரிச்சு உக்காந்து இருமுறானே, அதைச் சொல்லலையா?" என்றார். அம்மாவுக்கு மில்லில் நைட் ஷிப்ட். அவருக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து என் முதல் கேள்வி, "பிள்ளை பக்கத்தில் யார் படுக்கிறீங்க?" என்பதுதான்.

எந்த வார்த்தையில் கேட்கிறோம் என்பது அதைவிடப் பெரிய வம்பு. "ஆஸ்துமா இருக்கா?" என்றால், "ஐயையோ அதெல்லாம் இல்லைங்க, வெறும் வீசிங்தான்" என்பார்கள். பெண் பிள்ளை என்றால் நாளைய கல்யாணப் பேச்சை நினைத்து மறைப்பவர்களும் உண்டு. இளைப்பு என்று கேட்டால் சிலர் உடம்பு இளைத்த கதையைச் சொல்வார்கள். இழுப்பு என்றால் ஒருவருக்கு மூச்சிழுப்பு, இன்னொருவருக்கு வலிப்பு. 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் மூச்சுக்குழல் சுருங்கும் நோயும் இருக்கிறது, வலிப்பு நோயும் இருக்கிறது. ஒரு வார்த்தை குழம்பினால் டிக் இடம் மாறிவிடும். யாழ்ப்பாணத்தில் இதையே தொய்வு, முட்டு என்பார்கள். 1990-களில் பல நாடுகளில் நடந்த, குழந்தைகளின் ஆஸ்துமாவை ஆராய்ந்த ஐசாக் ஆய்வுக்கும் இதே தலைவலி இருந்தது. அதனால் 13-14 வயதுப் பிள்ளைகளுக்கு வீடியோ போட்டுக் காட்டி, "உனக்கு இப்படி வந்திருக்கிறதா?" என்றும் கேட்டார்கள். இன்று ஆளுக்கொரு போன் இருக்கும்போது நாம் ஏன் அதைச் செய்வதில்லை? 'கடந்த 12 மாதங்களில்' என்று படிவத்தில் இருப்பதையும் 'போன தீபாவளிக்கு அப்புறம்' என்று மாற்றிக் கேட்டால் பதில் சட்டென்று வரும்.

கேள்விக்கு 'ஆமாம்' என்றவுடன் ஆஸ்துமா என்று முத்திரை குத்திவிடவும் கூடாது. இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் காசநோயாகவும் இருக்கலாம். சந்தேகப் பட்டியலை வைத்துக்கொண்டு, யார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், யார் போகவில்லை என்று ஒரு மாதம் கழித்துப் போன் போட ஆள் இல்லையென்றால், அந்த முகாமை நடத்தாமலே இருக்கலாம் என்பேன்.

சரி, பெற்றோர் வகுப்புக்கு வருவோம். மைக் பிடித்து நுரையீரல் படத்தை விளக்கிவிட்டு டீ, பிஸ்கட் கொடுத்து அனுப்புவது வீண். காலி இன்ஹேலரைக் கையில் கொடுத்து, "வீட்டில் எப்படிக் கொடுப்பீங்க, செய்து காட்டுங்க" என்று சொல்லிப் பாருங்கள். குலுக்க மாட்டார்கள். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசர் என்ற குழல் இல்லாமல் நேராக வாயில் அடிப்பார்கள்; மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும். இரண்டு பஃப்பையும் (இன்ஹேலரை ஒரு தடவை அழுத்தினால் ஒரு பஃப்) ஒன்றாக அடிப்பார்கள். ஒரு பஃப், ஸ்பேசர் வழியாக நிதானமாக ஐந்தாறு மூச்சு, திரும்பக் குலுக்கி அடுத்த பஃப். சின்னக் குழந்தைக்கு மாஸ்க் முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். ஸ்பேசர் வாங்க வசதியில்லையா? கேப் டவுனில் செய்து 1999-ல் வெளியான ஆய்வில், 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளைபோட்டுச் செய்த ஸ்பேசர், கடை ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்தது. துளையை இடைவெளி இல்லாமல் போடத்தான் கொஞ்சம் பழக வேண்டும்.

"இன்ஹேலர் போட்டால் பழக்கமாகிவிடும், சிரப்பே போதும்" என்பது எல்லா ஊரிலும் கேட்கும் பேச்சு. கணக்குப் போட்டுக் காட்டுங்கள். மூச்சுக்குழலைத் திறக்கும் சால்பியூட்டமால் மருந்தின் சிரப் 5 மில்லியில் பொதுவாக 2 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரின் ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம். ஒரு ஸ்பூன் சிரப், 20 பஃப் அளவு. அது வயிற்றுக்குப் போய், உடம்பெல்லாம் சுற்றி, கை நடுக்கத்தையும் கொடுத்துவிட்டுத்தான் நுரையீரலுக்கு வருகிறது.

அதேபோல, உடனே மூச்சைத் திறக்கும் இன்ஹேலர் வேறு, வீக்கத்தை அடக்க டாக்டர் தினமும் போடச் சொல்லும் ஸ்டீராய்டு இன்ஹேலர் வேறு. நிம்மதியாக மூச்சு விட்டதும் பெற்றோர் நிறுத்துவது இரண்டாவதைத்தான். வளர்ச்சி நின்றுவிடும் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பயத்தில் உண்மையே இல்லை என்று மழுப்பாதீர்கள். சிறுவயதில் சில ஆண்டுகள் புடெசோனைடு என்ற ஸ்டீராய்டை இன்ஹேலரில் எடுத்தவர்களை வளர்ந்த பிறகு அளந்த அமெரிக்க ஆய்வு 2012-ல் வெளியானது. சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தது. அவ்வளவுதான். எண்ணைச் சொல்லிவிட்டால் பயம் பாதியாகும்.

வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு என்று காரணமில்லாமல் சாப்பாட்டைப் பிடுங்குவார்கள். அதே வீட்டில் கட்டிலுக்கு அடியில் கொசுவத்தி புகைந்துகொண்டிருக்கும். ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. ஆனால் வலை கொடுக்காமல் சுருளை மட்டும் நிறுத்தச் சொன்னால் கொசுக்கடிக்குக் கதவைத் திறந்த மாதிரி.

கடைசியாக, முகாமுக்கு வரும் பி.டி. மாஸ்டரைத் தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். மைதானத்தில் பிள்ளை ஒரு வரி முழுசாகப் பேச முடியாமல் திணறினால், விலா எலும்பு உள்ளே குழிந்தால், உதடு நீலமானால், 108-ஐக் கூப்பிட்டுவிட்டு இன்ஹேலரைக் கொடுக்கத் தொடங்க வேண்டியவர் அவர்தான். பள்ளியின் இன்ஹேலர் எங்கே என்று அவரிடமே கேளுங்கள். நான் கேட்ட இடத்தில், தலைமை ஆசிரியர் அறை பீரோவில் பத்திரமாக இருந்தது. சாவி அவர் பையில், அவர் மீட்டிங்கில்.